சொல்லில் பிறக்கும் செயலி

உரைநடை உலகம்

நுழையும்முன்

திறன்பேசியில் நாள்தோறும் எத்தனையோ செயலிகளைப் பயன்படுத்துகிறோம். அவற்றை உருவாக்கும் பணி, நிரல்மொழி கற்ற வல்லுநர்க்கே உரியது என்னும் நிலை அண்மைக்காலம் வரை இருந்தது. இன்றோ, வேண்டுவதைத் தம் மொழியில் எடுத்துரைத்தால் அதற்குரிய நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. நிரல் அறியாதவரும் செயலி படைக்கலாம் என்னும் இக்காலத்தில், அவ்வாறு படைப்பவர் எதனை அறிந்திருத்தல் வேண்டும்? மாத்திரை கணக்கிடும் சிறு செயலி ஒன்றைச் சான்றாகக்கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

நிரல் என்பது யாது?

கணினி செய்யவேண்டிய செயலை, ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபடுத்திக் கூறும் கட்டளைகளின் தொகுப்பே நிரல் எனப்படும். சமையல் குறிப்பு ஒன்றில் 'தேவையான அளவு உப்பு இடுக' என்று எழுதியிருந்தால், சமைத்துப் பழகியவர் அதனைப் புரிந்துகொள்வார். குழம்பின் அளவையும் உண்போரின் சுவையையும் அவர் அறிவார். கணினி அவற்றை அறியாது. அதற்கு எத்தனை கிராம், எப்போது, எதன்பின் என்பவற்றை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்ட இடத்தை மனிதர் தம் பட்டறிவால் நிரப்பிக்கொள்வர். கணினியோ சொன்னதை மட்டுமே செய்யும்.

எனவே, நிரலாக்கம் என்பது இரண்டு திறன்கள் இணைந்தது. செய்யவேண்டியதைத் தெளிவாகப் பகுத்து உணர்தல் ஒன்று. உணர்ந்ததைக் கணினிக்குரிய மொழியில் எழுதுதல் மற்றொன்று. புதிய கருவிகள் இரண்டாவது பணியின் சுமையைப் பெரிதும் குறைத்துள்ளன. முதற்பணி இன்றும் மனிதரிடமே உள்ளது.

எண்ணிலிருந்து சொல்லுக்கு

இங்கிலாந்தைச் சேர்ந்த அடா லவ்லேஸ் என்னும் பெண்மணி, 1843ஆம் ஆண்டில் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்புப்பொறியைப் பற்றி விரிவான குறிப்புகளை எழுதினார். அவற்றுள், பெர்னூலி எண்களை அப்பொறி கணக்கிடும் முறையைப் படிப்படியாக விளக்கினார். அதனை உலகின் முதல் நிரல் எனப் பலரும் போற்றுவர். பகுப்புப்பொறி அவர் காலத்தில் முழுமையாகக் கட்டப்படவில்லை. எனினும், பொறி உருவாகும் முன்னரே அதற்குக் கூறவேண்டியதைத் தெளிவாகக் கூற இயலும் என்பதை அக்குறிப்புகள் காட்டின.

தொடக்ககால மின்னணுக் கணினிகளுக்குக் கட்டளைகளை எண்களாகவே கொடுக்கவேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற முயன்றவருள் முதன்மையானவர், அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணித அறிஞர் கிரேஸ் ஹாப்பர். 1952இல் அவர் ஏ-0 என்னும் தொகுப்பியை உருவாக்கினார். பின்னர், ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் நிரல்மொழியையும் அவர் குழுவினர் வடிவமைத்தனர். 1959இல் தொடங்கிய கோபோல் மொழியின் உருவாக்கத்திற்கு அஃது அடிப்படையாயிற்று. 1964இல் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர்கள் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகியோர் 'பேசிக்' மொழியை அளித்தனர். அறிவியல் பயிலாத மாணவரும் கணினியைக் கையாளவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

1979இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகியோர் உருவாக்கிய 'விசிகால்க்' என்னும் விரிதாள் மென்பொருள் வெளிவந்தது. கட்டங்களில் எண்களையும் வாய்பாடுகளையும் இட்டு, கணக்கர்களும் வணிகர்களும் தமக்கு வேண்டிய கணக்கீடுகளைத் தாமே அமைத்துக்கொண்டனர். நிரலர் என்று தம்மைக் கருதாமலேயே கோடிக்கணக்கானோர் நிரலாக்கத்தில் ஈடுபடும் காலம் அன்று தொடங்கியது.

கதவு அகலத் திறக்கும்போது நன்மையோடு பிழையும் உள்நுழைவதுண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இங்கிலாந்தில் 15,841 பேருக்குத் தொற்று உறுதியான செய்தி, நாட்டின் அன்றாடக் கணக்கில் சேராமல் போயிற்று. பழைய வடிவிலான விரிதாள் கோப்பு ஏறத்தாழ 65,000 வரிசைகளை மட்டுமே ஏற்கும். அதற்கு மேற்பட்டவை விடுபட்டதை எவரும் உடனே அறியவில்லை. அதனால், தொற்றுற்றோருடன் பழகியவர்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணி காலந்தாழ்ந்தது. கோப்பு திறந்தது; எண்கள் தெரிந்தன; எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. தோற்றத்தில் பிழையின்மை வேறு. உண்மையில் பிழையின்மை வேறு என்பதற்கு இஃது ஒரு சான்று.

கருவி எவ்வாறு எழுதுகிறது?

2021இல் கிட்ஹப் கோபைலட் என்னும் நிரலாக்க உதவிக் கருவி அறிமுகமாயிற்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. அவற்றைத் தொடர்ந்து கிளாட், ஜெமினி, கர்சர், ரெப்ளிட் எனப் பல கருவிகள் பரவின. எழுதிய நிரலைத் தாமே இயக்கிப் பார்த்து, பிழை தோன்றினால் தாமே திருத்தும் ஆற்றலும் இவற்றுள் பலவற்றிற்கு உண்டு.

இக்கருவிகளின் உள்ளே இருப்பது பெருமொழி மாதிரி. அளவற்ற உரைகளையும் நிரல்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட அம்மாதிரி, கொடுக்கப்பட்ட தொடருக்குப்பின் எது வருதல் மிகவும் பொருந்தும் எனக் கணித்து, சிறுசிறு கூறுகளாக விடையை ஆக்குகிறது. பலர் பலமுறை எழுதிய வகையைச் சார்ந்த செயலியைக் கேட்டால், அது வியக்கத்தக்க விரைவில் நிறைவான விடையைத் தருகிறது. அரிதாகப் பேசப்படும் பொருளைக் கேட்டாலும் அதே சரளத்துடன் எழுதுகிறது. ஆனால், அவ்விடத்தில் பிழை நேரும் வாய்ப்பு மிகுதி. சரளத்தைக்கொண்டு சரியை அளக்க இயலாது.

> தெரியுமா?
> நிரலை வரிவரியாகப் படித்தறியாமல், விரும்பியதை எடுத்துரைத்து, கருவி தருவதை ஏற்றுக்கொண்டே செல்லும் முறைக்கு 'வைப் கோடிங்' என்று கணினி அறிஞர் ஆந்த்ரே கர்பாதி 2025 பிப்ரவரியில் பெயரிட்டார். அவ்வாண்டின் சிறந்த சொல்லாகக் காலின்ஸ் அகராதி அதனைத் தேர்ந்தெடுத்தது.

மாத்திரை கணக்கிடும் செயலி

நிரல் கல்லாத மேல்நிலை வகுப்பு மாணவி ஒருவர், ஒரு சொல்லை உள்ளிட்டால் அதன் மாத்திரை அளவைக் கூறும் செயலியை உருவாக்க விரும்புவதாகக் கொள்வோம். கீழ்வகுப்பு மாணவர்கள் இலக்கணம் பயில அது துணைபுரியும் என்பது அவர் எண்ணம்.

"தமிழ்ச் சொல்லின் மாத்திரையைக் கணக்கிடும் செயலியை உருவாக்குக" என்று கருவியிடம் கேட்கிறார். சில நிமிடங்களில் திரையில் செயலி தோன்றுகிறது. உள்ளிடும் பெட்டி, பொத்தான், அழகிய வண்ணம் அனைத்தும் உள்ளன. 'அம்மா' என்று உள்ளிட, மூன்றரை என விடை வருகிறது. அகரத்திற்கு ஒன்று, மகரமெய்க்கு அரை, மாவிற்கு இரண்டு, கணக்குச் சரி. இவ்விடத்தில் செயலி நிறைவுற்றதாகக் கருதிப் பலருக்கும் அனுப்பிவிடத் தோன்றும். உண்மையில் பணி இனிமேல்தான் தொடங்குகிறது.

'பாட்டு' என்னும் சொல்லை உள்ளிட்டால் இச்செயலி மூன்றரை என்று காட்டக்கூடும். அதன் சரியான அளவு மூன்று. ஈற்றிலுள்ள உகரம் குற்றியலுகரமாதலின் அரை மாத்திரையே ஒலிக்கும். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என்னும் பொதுவிதியை மட்டும் கொண்டு நிரல் எழுதப்பட்டால் இப்பிழை நேரும்.

மாணவி இதனைக் கண்டு, "சொல்லின் இறுதியில் கு, சு, டு, து, பு, று வந்தால் அரை மாத்திரை எனக் கொள்க" என்று திருத்தம் கூறுகிறார். 'பாட்டு' சரியாகிறது. ஆனால், முன்பு இரண்டு எனச் சரியாக இருந்த 'பசு', இப்போது ஒன்றரை என மாறிவிடுகிறது. தனிக்குறிலை அடுத்துவரும் உகரம் முற்றியலுகரம் என்பதை அவர் சொல்லவில்லை. ஒரு பிழையைத் திருத்தியதால் மற்றொரு பிழை பிறந்தது.

மீண்டும் திருத்துகிறார்: "குறிலை அடுத்து வந்தால் ஒரு மாத்திரை எனக் கொள்க". 'பசு' சரியாகிறது, 'வரகு' பிழையாகிறது. அச்சொல்லில் குகரத்தின் முன் நிற்கும் ரகரம் குறில்தான். ஆயினும் அது தனிக்குறில் அன்று. அதன்முன் வகரம் நிற்கிறது. 'தனி' என்னும் ஒரு சொல் விடுபட்டமையால், உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் முழுவதும் தவறாயிற்று. இலக்கண நூலார் ஒவ்வொரு சொல்லையும் அளந்து வைத்ததன் பயனை இங்கு நேரில் காணலாம். கருவிக்குக் கூறும் விளக்கத்திலும் அதே அளவு செறிவும் நிறைவும் வேண்டும்.

ஐகாரக்குறுக்கம் அடுத்த இடர். தனித்து நிற்கும் ஐகாரம் இரண்டு மாத்திரை. சொல்லின் முதலில் ஒன்றரை. இடையிலும் இறுதியிலும் ஒன்று. இதனைக் கூறாவிட்டால் 'மலை' என்னும் சொல்லுக்கு மூன்று எனச் செயலி கூறும். முதல், இடை, கடை ஆகியவற்றை மட்டும் கூறி, தனித்து நிற்பதைக் கூறாவிட்டால், 'கை' என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்கு ஒன்றரை எனத் தவறாகக் கூறும்.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொல்காப்பியமும் நன்னூலும் தொகுத்துரைக்கின்றன. வேண்டிய அளவிற்குக் குறைவாகச் சொல்லுதல், தேவைக்குமேல் சொல்லுதல், முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லுதல், பொருள் மயங்கச் சொல்லுதல், தொடங்கியதை விட்டு வேறொன்றை விரித்தல் ஆகியன அவற்றுள் சில. அவை நூலாசிரியர்க்காக வகுக்கப்பட்டவை. இருப்பினும், செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பணி கூறுவோரும் விலக்கவேண்டிய குற்றங்கள் அவையே. மேற்கண்ட சான்றில் மாணவி செய்தவை அனைத்தும் குறைவாகச் சொன்னதால் நேர்ந்தவை.

> தெரிந்து தெளிவோம்
> 'தமிழ்' என்பது மூன்று எழுத்துச் சொல். ஆனால், ஒருங்குறி முறையில் கணினி அதனை ஐந்து குறியெண்களாகச் சேமிக்கிறது: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. 'எழுத்துகளை எண்ணுக' என்று பொதுவாகக் கட்டளையிட்டால், பல நிரல்மொழிகள் ஐந்து என்றே விடை கூறும். குறுக்கெழுத்துப் புதிர், சொல் விளையாட்டு, யாப்புக் கணக்கு ஆகியவற்றைச் செய்வோர், 'குறியெண்களாக அன்றி, தமிழ் எழுத்துகளாகப் பிரித்து எண்ணுக' என்று கூறுதல் வேண்டும். 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் வழங்கும் டேஸ்-16 என்னும் குறியேற்ற முறையும் உண்டு. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது.

சோதனை என்னும் உரைகல்

பொன்னின் தரத்தை உரைகல் காட்டும்; செயலியின் தரத்தைச் சோதனை காட்டும். நிரலைப் படித்தறிய இயலாதவர்க்குச் சோதனையே கண். அதனை எவ்வாறு அமைப்பது?

முதலாவதாக, விடை தெரிந்த சொற்களின் பட்டியலைச் செயலி உருவாகும் முன்னரே ஆயத்தம் செய்தல் வேண்டும். விதிக்கு ஒரு சொல்லும், விதிவிலக்கிற்கு ஒரு சொல்லுமாக அஃது அமைதல் நன்று. மாத்திரைச் செயலிக்குப் பின்வரும் பட்டியல் பொருந்தும்.

| சொல் | வகை | மாத்திரை |
|---|---|---|
| பசு | முற்றியலுகரம் | 2 |
| கதவு | முற்றியலுகரம் | 3 |
| காசு | நெடில்தொடர்க் குற்றியலுகரம் | 2½ |
| எஃகு | ஆய்தத்தொடர்க் குற்றியலுகரம் | 2 |
| வரகு | உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் | 2½ |
| பாட்டு | வன்தொடர்க் குற்றியலுகரம் | 3 |
| பங்கு | மென்தொடர்க் குற்றியலுகரம் | 2 |
| மார்பு | இடைத்தொடர்க் குற்றியலுகரம் | 3 |
| மலை | ஐகாரக்குறுக்கம் (இறுதி) | 2 |
| ஐப்பசி | ஐகாரக்குறுக்கம் (முதல்) | 4 |
| கை | ஓரெழுத்து ஒருமொழி | 2 |

இரண்டாவதாக, ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் பட்டியல் முழுவதையும் மீண்டும் சோதித்தல் வேண்டும். புதிதாகத் திருத்திய சொல்லை மட்டும் பார்த்தால், 'பசு' பிழையானது தெரியாமலே போகும்.

மூன்றாவதாக, பட்டியலில் சில சொற்களைக் கருவியிடம் காட்டாமல் வைத்திருத்தல் வேண்டும். 'பாட்டு என்பதற்கு 3 வரவேண்டும்' என்று வற்புறுத்தினால், விதியை அமைக்காமல் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் 3 என விடையைப் பதித்துவிடும் போக்கு இக்கருவிகளிடம் சில வேளைகளில் காணப்படுகிறது. 'எழுத்து', 'நாடு' போன்ற புதிய சொற்களை உள்ளிட்டால் உண்மை வெளிப்படும். வினாத்தாளை முன்கூட்டியே அறிந்த மாணவர் பெறும் மதிப்பெண், அவர் கற்றதன் அளவைக் காட்டாது அன்றோ?

நான்காவதாக, பயன்படுத்துவோர் செய்யக்கூடிய பிழைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெட்டியில் எதையும் எழுதாமல் பொத்தானை அழுத்தினால் யாது நிகழும்? ஆங்கிலச் சொல்லையோ எண்ணையோ உள்ளிட்டால் செயலி என்ன கூறும்? 'தெரியவில்லை' என்று கூறவேண்டிய இடத்தில் தவறான எண்ணைக் காட்டும் செயலி, வேலை செய்யாத செயலியினும் தீங்கானது. இதனை நம்பிப் பயிலும் ஏழாம் வகுப்பு மாணவர்க்கு, விடை தவறு என்று அறிய வேறு வழியில்லை. அவர் தேர்வில் இழக்கும் மதிப்பெண்ணைவிட, மனத்தில் பதிந்த பிழையே பெரிய இழப்பாகும்.

பிறர் தரவும் நம் பொறுப்பும்

மாத்திரைச் செயலி பலருக்கும் பிடித்துப்போகிறது எனக் கொள்வோம். பயன்படுத்துவோரின் பெயர், வகுப்பு, பிறந்தநாள், பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவற்றைப் பெற்று மதிப்பெண் பட்டியல் வெளியிடலாம் என்னும் எண்ணம் எழுகிறது. கருவியிடம் கேட்டால் அதனையும் நொடியில் செய்து தரும். இங்கே தன்மை மாறுகிறது. இதுவரை தவறினால் கணக்கு மட்டுமே தவறும். இனித் தவறினால் பிறருடைய வாழ்வைச் சார்ந்த செய்திகள் வெளியாகும்.

திரையில் காணப்படுவது செயலியின் முகம் மட்டுமே. தரவுத்தளத்தை எவரெவர் படிக்கலாம், எவரெவர் மாற்றலாம் என்னும் வரையறை முகத்தில் தெரியாது. அவ்வரையறை இல்லாவிட்டாலும் செயலி நன்றாகவே இயங்கும். பூட்டு இல்லாத வீட்டுக்கதவும் திறந்து மூடத்தான் செய்யும். திருடர் வரும்வரை குறை தெரிவதில்லை. தரவுத்தளத்திற்கு உரிய இரகசியச் சாவியை, எவரும் பார்க்கக்கூடிய பக்கத்தின் நிரலிலேயே பதித்துவிடுவதும் தொடக்கநிலையினர் செயலிகளில் காணப்படும் பிழையாகும்.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயதிற்கு உட்பட்டோரை அது குழந்தைகள் எனக் கொள்கிறது. அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தைவிட எளிய பாதுகாப்பு ஒன்று உண்டு. தேவையற்ற தரவைக் கேட்காமலிருப்பதே அது. மாத்திரை கணக்கிட எவருடைய பிறந்தநாளும் வேண்டியதில்லை. பெறாத தரவு ஒருநாளும் களவு போகாது.

காப்புப்படி எடுத்துவைத்தலும் இன்றியமையாதது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு முகவரைக்கொண்டு செயலி ஒன்றை உருவாக்கி வந்தார். எந்த மாற்றமும் செய்யவேண்டா என்று அறிவுறுத்தியிருந்தும், அக்கருவி பயன்பாட்டிலிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. ஆயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்ட நிருவாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. மீட்க இயலாது என்றும் அக்கருவி கூறியது. பின்னர் அக்கூற்றும் தவறு எனத் தெரிந்து தரவு மீட்கப்பட்டது. இந்நிகழ்விலிருந்து அறியத்தக்கவை மூன்று. சொன்னால் கேட்கும் என்று நம்புவதைவிட, அழிக்க இயலாதவாறு அமைப்பது மேல். சோதனைக்கான தரவும் உண்மைத் தரவும் தனித்தனியே இருத்தல் வேண்டும். கருவி தன் செயலைப் பற்றிக் கூறும் செய்தியையும் சோதித்தே ஏற்றல் வேண்டும்.

நிரலர் இனித் தேவையில்லையா?

முதலுதவி கற்றவர் காயத்திற்குக் கட்டுப் போடலாம், அறுவை செய்யலாகாது. அதுபோல, செயலிகளுக்கும் எல்லை உண்டு. சொல் விளையாட்டு, நூலக நூல் பட்டியல், வீட்டுச் செலவுக் குறிப்பு, பேருந்து நேர நினைவூட்டி போன்றவற்றை நிரல் அறியாதவர் துணிந்து செய்யலாம். பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம், இழப்பு சிறிது. பணப் பரிமாற்றம், மருந்தின் அளவு, தேர்வு முடிவு, பிறர் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றைக் கையாளும் செயலிகளைப் பயிற்சி பெற்ற நிரலரின் ஆய்வின்றி வெளியிடுதல் கூடாது. 'பிழை நேர்ந்தால் துன்புறுவது யார்?' என்று தன்னைத்தானே வினவிக்கொண்டால் எல்லை தானே புலப்படும்.

நிரல் கற்பதும் வீணன்று. கருவி எழுதிய நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று அதனிடமே தமிழில் விளக்கம் கேட்கலாம். அவ்விளக்கத்தைச் செயலியின் நடத்தையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நிரலைப் படிக்கும் திறன் மெல்ல வளரும். செய்துதருமாறு மட்டும் கேட்பவருக்குச் செயலி கிடைக்கும். ஏன், எவ்வாறு என்றும் கேட்பவருக்குச் செயலியோடு அறிவும் கிடைக்கும்.

தமிழறிந்தோர் கடமை

மாத்திரைச் செயலியை உருவாக்கிய மாணவிக்கு நிரல்மொழி எதுவும் தெரியாது. எனினும், கருவி செய்த பிழைகளைக் கண்டறிந்தவர் அவரே. அதற்குத் துணைநின்றது எது? குற்றியலுகரத்தையும் ஐகாரக்குறுக்கத்தையும் அவர் ஐயமறக் கற்றிருந்தமையே. உழவர் ஒருவர் பாசன முறைச் செயலியைச் சோதிப்பதற்கும், தையற்கலைஞர் ஒருவர் துணி அளவுச் செயலியைச் சோதிப்பதற்கும் அவரவர் தொழிலறிவே உரைகல்லாகும். நிரல் எழுதும் ஆற்றலைக் கருவி தரும். எது சரி என்று அறியும் ஆற்றலை அவரவரே ஈட்டிக்கொள்ள வேண்டும்.

கணினிக் கருவிகள் பயின்ற உரைகளில் ஆங்கிலமே பெரும்பகுதி. தமிழ் மிகச் சிறுபகுதி. ஆதலால், தமிழுக்குரிய நுட்பங்களைத் தாமாகவே அவை காத்துநிற்கும் என எதிர்பார்த்தல் இயலாது. 'தமிழ்' என்பதை ஐந்து எழுத்து என்று கூறும் செயலியைத் தமிழ் அறியாதவர் குறை காணமாட்டார். அது குறை என்று கூற, எழுத்திலக்கணம் கற்ற ஒருவர் வேண்டும். கூறுவாரின்றி அத்தகைய செயலிகள் பெருகினால், அடுத்த தலைமுறை அவற்றையே சான்றாகக் கொள்ளும். நிரலாக்கத்தின் கதவு இன்று தமிழ் பயில்வோர்க்கும் திறந்திருக்கிறது. அதன்வழியே இலக்கணத்தோடும் பொறுப்போடும் உள்ளே செல்வது நம் கடன்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக்குப் பயன்படும் சிறு செயலி ஒன்றைத் திட்டமிட்டு, அதனைக் கருவியிடம் எவ்வாறு எடுத்துரைப்பீர்கள் என ஒரு பக்க அளவில் எழுதுக. எழுதியதை வகுப்புத் தோழரிடம் படிக்கக் கொடுத்து, அவருக்கு எழும் ஐயங்களைக் குறித்துக்கொண்டு திருத்துக.
2. நேர், நிரை அசைகளைப் பிரித்துக்காட்டும் செயலியைச் சோதிப்பதற்குரிய பத்துச் சொற்களையும் அவற்றின் சரியான விடைகளையும் பட்டியலிடுக. ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கூறுக.
3. 'செயலி உருவாக்க நிரலறிவு முதன்மையானதா? துறையறிவு முதன்மையானதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. 'வரகு' என்னும் சொல்லின் மாத்திரை அளவு
அ) 2  ஆ) 2½  இ) 3  ஈ) 3½

2. கூற்று: ஒருங்குறி முறையில் 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது.
காரணம்: உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்களைப் பெறுகின்றன.
அ) கூற்று சரி, காரணம் தவறு  ஆ) கூற்று தவறு, காரணம் சரி
இ) கூற்றும் காரணமும் சரி  ஈ) கூற்றும் காரணமும் தவறு

*குறுவினா*

1. நிரல் என்றால் என்ன?
2. சோதனைச் சொற்களுள் சிலவற்றைக் கருவியிடம் காட்டாமல் வைத்திருப்பது ஏன்?
3. 'பெறாத தரவு ஒருநாளும் களவு போகாது' – இத்தொடரின் பொருளை விளக்குக.

*சிறுவினா*

1. 'தனி' என்னும் ஒரு சொல் விடுபட்டதால் மாத்திரைச் செயலியில் நேர்ந்த பிழையைச் சான்றுடன் விளக்குக.
2. நூற்குற்றங்களுள் சில, செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பணி கூறுவோர்க்கும் பொருந்துமாற்றை எழுதுக.

*நெடுவினா*

நிரல் அறியாத ஒருவர் செயலி உருவாக்கும்போது மேற்கொள்ளவேண்டிய சோதனை முறைகளையும் பொறுப்புகளையும் பாடப்பகுதியின் துணைகொண்டு தொகுத்து எழுதுக.